ஒரு நூல் குறைந்த ஷாஃப்ட்: ஹெரால்டில் மாற்றி நாலு வருஷம்

மூணு வருஷத்தில் ரெண்டு தடவை கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்தது. முதல் தடவை ரப்பர் மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு வந்தேன். ரெண்டாவது தடவை கிழிந்த ரப்பரையும் பழையதையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே பக்கமாகக் கிழிந்திருந்தன. கியர்பாக்ஸை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி. அந்த யாரோ யார் என்று புரியவே எனக்கு இன்னும் ஆறு மாசம் ஆனது.

வண்டி 1966-இல் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், 948 சிசி. வண்டலூரில் பிறந்தது, கோயமுத்தூரில் காலம் தள்ளுகிறது. எனக்கு முன்னால் எத்தனை கை மாறியது என்று ஆர்சி புத்தகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும்.

கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் ஷாஃப்ட்டைக் கவனிக்க வைத்தது வேறொரு தொல்லை. 55 கிலோமீட்டர் வேகத்தில் சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு. கிளட்சை விட்டால் 'டக்'. ஷாஃப்ட் முனை மடங்கிச் சுழல உதவும் சிலுவை வடிவ கிராஸை மாற்றினேன், நாலே மாசத்தில் மறுபடி 'டக்'. கழற்றிப் பார்த்தால் கிராஸில் குறையில்லை. கிராஸின் கப் உட்காரும் யோக் (ஷாஃப்ட் முனையில் இருக்கும் கவை) ஓட்டையே தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. இனி எத்தனை கிராஸ் போட்டாலும் நிற்காது. ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும்.

இங்கேதான் தப்பு செய்தேன். பழைய ஷாஃப்ட்டை மேஜையில் போட்டு ஒரு முனையில் போல்ட் போடும் தட்டான ஃபிளாஞ்சின் முகத்திலிருந்து மறு முனை ஃபிளாஞ்சின் முகம் வரை அளந்து, அந்த எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேடக் கிளம்பினேன். சென்னை புதுப்பேட்டையில் ஒருவர் "ஹெரால்டுதான் சார், கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க" என்று ஒன்றைக் கொடுத்தார். வாங்கி வந்து துடைத்துப் பார்த்தால் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பல் இணைப்பான ஸ்ப்ளைன், நீண்டு சுருங்குகிறது. விசாரித்ததில் அது ஸ்டாண்டர்டு கம்பெனியின் இன்னொரு காரான கஸெலின் ஷாஃப்ட். 1972-இல் வந்த கஸெலும் அதே எஞ்சின்தான், ஆனால் பின்னால் வழக்கமான ஒரே கட்டை ஆக்ஸில். பள்ளத்தில் இறங்கினால் கிரவுன் கூடும் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃப்ரன்ஷியல் இருக்கும் பெட்டி) சேர்ந்து குதிக்கும், அதனால் ஷாஃப்ட் நீள வேண்டும், சுருங்க வேண்டும். ஹெரால்டில் டிஃப்ரன்ஷியல் சேசிஸோடு போல்ட் போட்டு நிற்கிறது. சக்கரமும் அதன் அரை ஆக்ஸிலும்தான் ஏறி இறங்கும். அதனால் என் வண்டியில் இருந்தது ஸ்ப்ளைனே இல்லாத, நீளம் மாறாத ஷாஃப்ட். புதுப்பேட்டைக்காரர் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதுவே பெரிய மனசு.

பிறகு உக்கடத்தில் ஒரு காயலான் கடையில் ஸ்ப்ளைன் இல்லாத ஒன்று கிடைத்தது. டேப்பைப் பிடித்தேன். என் எண்ணைவிட ஒரு நூல் நீளம், அதாவது மூணு மில்லிமீட்டர். 1,200 ரூபாய் சொன்னார். நீளம் மாறாத ஷாஃப்ட்டில் மூணு மில்லி என்பது விளையாட்டில்லை என்று பெரிய ஆள் மாதிரி வைத்துவிட்டு வந்தேன்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்தான் கேட்டார்: "ஏனுங்க, வண்டிய அளந்தீங்களா, ஷாஃப்ட்ட அளந்தீங்களா?"

வண்டியை அளக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புது ரப்பர் போட்டு, ஷாஃப்ட் இல்லாமல் கியர்பாக்ஸை அதன் இயல்பான இடத்தில் உட்காரவிட்டேன். உள்ளே கியர்பாக்ஸ் மேலுள்ள டனல் மூடியைக் கழற்றினால் முன் ஃபிளாஞ்ச் கைக்கு எட்டும். இரண்டு ஃபிளாஞ்சுக்கும் நடுவே டேப் நேராக நிற்காது. அதனால் இரண்டு மெல்லிய மரச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முனைகள் இரண்டு முகத்தையும் தொடும்வரை நகர்த்தி, கிளாம்ப் போட்டேன். மேலே, கீழே, இடம், வலம் என நாலு இடத்தில். இரண்டு முகமும் சரியாக எதிரெதிரே இருக்காது, சற்றுச் சாய்ந்திருக்கும். நாலையும் கூட்டிச் சராசரி எடுத்தேன். சட்டத்தை வெளியே கொண்டுவந்து அளக்கும்போது டேப்பின் கொக்கியை நம்பவில்லை. அது ஒரு மில்லி ஆடும். 10 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து ஆரம்பித்துப் பிறகு கழித்துக்கொண்டேன்.

பழைய ஷாஃப்ட்டைவிட ஒரு நூல் அதிகம்.

பழையதைத் திருப்பிப் பார்த்தால், பெயின்டுக்கு அடியில் யாரோ வெட்டி ஒட்டிய வெல்டு. நாலு போல்ட்டையும் முறுக்கினால் ரப்பர் விட்டுக்கொடுத்து, கியர்பாக்ஸ் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். மாட்டியாகிவிட்டது என்று நினைப்போம். அப்புறம் ரப்பர் கிழியும். என் வண்டியின் அளவை இங்கே எழுதாததற்கும் இதுதான் காரணம்: என் நீளத்தை வைத்து நீங்கள் தேடினால், நான் செய்த அதே தப்பைத்தான் செய்வீர்கள்.

உக்கடத்துக்கு ஓடினேன். ஷாஃப்ட் அங்கேயே கிடந்தது. ஆனால் திரும்பி வந்த என் முகத்தைப் பார்த்த கடைக்காரர் 2,000 என்றார். பேரம் பேச வாயே வரவில்லை.

லேத்தில் ஏற்றி டயல் கேஜ் வைத்துக் குழாய் வளைந்திருக்கிறதா என்று பார்த்தார் அண்ணன். நல்லவேளை, வளைவில்லை. கப் ஓட்டைகளை வெர்னியரில் அளந்தோம்: 23.8 மில்லி, அதாவது 15/16 அங்குலம். வண்டியின் பெயரைச் சொல்லாமல் அந்த அளவையும் கிராஸின் அகலத்தையும் சொல்லித்தான் கடையில் கிராஸ் கேட்டேன். இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று தட்டை மேஜையில் கிடத்திப் பார்த்தோம். அது மாறியிருந்தால் ஒரு முனை ஜாயிண்டின் (கிராஸும் யோக்கும் சேரும் இடம்) வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டாது. எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் அதிரும். கடைசியாக, லாரி ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் இடத்தில் கொடுத்ததில், ஒரு முனையில் சின்னத் தகடு ஒன்றை ஒட்டிக்கொடுத்தார்கள்.

நாலு வருஷம், 14,000 கிலோமீட்டர் ஆகிறது. முதல் 500 கிலோமீட்டரில் போல்ட்டுகளை மறுபடி முறுக்கினேன், கால் சுற்றுகூடப் போகவில்லை. 9,000-இல் பின் கிராஸ் சத்தம் போட்டது. கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இல்லாத மலிவு கிராஸை வாங்கியது என் கஞ்சத்தனம். இப்போது நிப்பிள் வைத்தது இருக்கிறது. ஐந்து மாசத்துக்கு ஒருமுறை நாலு கப்பிலும் கிரீஸ் பிதுங்கும்வரை அடிக்கிறேன். ஒரு யோசனை: நிப்பிள் கிரீஸ் கன்னுக்கு எட்டும் பக்கமாக இருக்கிறதா என்று மாட்டும்முன் பாருங்கள். நான் பார்க்காததால் ஒருமுறை கழற்றி மாட்டினேன்.

அதே கியர்பாக்ஸ் ரப்பர்தான் இன்னும் இருக்கிறது. 55-இல் அதிர்வு இல்லை. ஆனால் அந்த அதிர்வு போனதும் 65-க்கு மேல் ஒரு 'ங்' என்ற ரீங்காரம் காதில் விழ ஆரம்பித்திருக்கிறது. கிரவுன் பக்கமாக இருந்து வருகிறது. அண்ணனிடம் சொன்னால், "அது முன்னாடியும் இருந்திருக்குமுங்க, உங்களுக்குத்தான் கேக்கல" என்கிறார்.