கிளினிக்கா, சனலா?

பிரசரும் சீனி வருத்தமும் உள்ள வயதானவர்களுக்கு நம் இலங்கை மலையகத்தில் இரண்டு வழி: அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக், இல்லாவிட்டால் டவுனில் தனியாரிடம் சனல் பண்ணுவது, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்து டொக்டரைப் பார்ப்பது.

சனலில் நேரம் மிச்சம், டொக்டரையும் நாமே தெரிவு செய்யலாம். ஆனால் டொக்டர் காசு, மருந்துக் காசு, இரத்தப் பரிசோதனைக் காசு எல்லாம் தனித்தனி. தோட்டச் சம்பளத்தில் மாதாமாதம் அது தாங்காது. கையில் காசில்லாத மாதம் எங்கள் அம்மாச்சி பிரசர் குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன். அதைவிட ஆபத்து வேறில்லை.

கிளினிக்குக்கு விடியவே போய் வரிசையில் நிற்க வேண்டும், உண்மைதான். சில மருந்தை வெளியே வாங்கவும் எழுதிக் கொடுப்பார்கள். ஆனாலும் வைத்தியம் இலவசம். ஹட்டன் பக்கத்தாருக்கு, இந்திய உதவியில் கட்டி 2017இல் திறந்த 150 கட்டில் டிக்கோயா ஆஸ்பத்திரி கிட்டத்தான். அப்புறம் அந்தக் கிளினிக் கொப்பி! போன மாதப் பிரசர், மாற்றிய குளிசை எல்லாம் அதிலே வரிசையாக இருக்கும். புது டொக்டர் வந்தாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

என் தெரிவு கிளினிக்தான். வீட்டில் பிளேன்டீக்குச் சீனியையும் சம்பலுக்கு உப்பையும் குறையுங்கள். நெஞ்சு வலித்தாலோ வாய் கோணினாலோ கிளினிக்கா சனலா என்று யோசிக்காமல் 1990க்கு அழையுங்கள். அதில் வரும் சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.