தேக்கா பக்கம் ஷேவிங் பிளேடு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கைப்பையோடு மட்டும் சிங்கப்பூர் வரும் நம்மூர்க்காரர்களுக்கு இந்தப் பதிவு. லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சின்னத் தெருக்களில், போன் கவர், சார்ஜர், சென்ட் பாட்டில், பெல்ட் எல்லாம் ஒன்றாகத் தொங்கும் கடைகள் உண்டு. அப்படி ஒரு கடையில் கல்லாவுக்குப் பக்கத்துக் கொக்கியில் பிராண்ட் ரேசர் பாதி விலைக்குத் தொங்கினால் தொடாதீர்கள். எனக்கு விற்றது போலி. அதோடு வரி என்று சொல்லி வாங்கிய காசும் அவர்கள் வாங்கக் கூடாத காசு.

சித்தப்பா மகள் கல்யாணத்துக்காகத் திருச்சியிலிருந்து போனேன். ஊரில் நான் பழைய மாதிரி இரும்பு ரேசரில் சாதா பிளேடு போட்டு ஷேவ் பண்ணுகிற ஆள். அந்த பிளேடைக் கைப்பையில் வைத்து விமானத்தில் ஏற முடியாது, செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள். நுரை டப்பாவும் 100 மில்லிக்கு மேல் இருந்தால் அதே கதிதான். அதனால் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டேன். சிங்கப்பூரில் கிடைக்காத சாமானா?

கிடைக்கிறது, ஆனால் விலை இருக்கிறதே! ஓட்டலுக்குப் பக்கத்துப் பார்மசியில் கைப்பிடியில் மாட்டுகிற மூன்று பிளேடு, ஐந்து பிளேடு தலைகளான கார்ட்ரிட்ஜ்கள்தான் வரிசையாக இருந்தன. திருடு போகாமலிருக்க ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு பாக்கெட் விலையில் எனக்கு ஊரில் ஒரு வருஷத்து பிளேடு வந்துவிடும். சாதா பிளேடு கேட்டேன். கல்லாவில் இருந்த சீனப் பெண்ணுக்கு நான் கேட்பது என்னவென்றே விளங்கவில்லை.

வெளியே வந்து நடந்தபோதுதான் அந்தக் கடை. "அண்ணே, ஊர்லேர்ந்தா? திருச்சியா? நமக்கும் அந்தப் பக்கந்தான்ணே" என்று ஆரம்பித்தார் கடைக்காரர். கில்லெட் கம்பெனியின் மாக் 3 ரேசர் என்று அச்சடித்த அட்டை, ஒரு கைப்பிடி, நான்கு கார்ட்ரிட்ஜ், 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்). ஒரிஜினலா என்று கேட்டேன். "ஒரிஜினல்தான்ணே. பார்மசிக்காரன் ஏசிக்கும் வாடகைக்கும் சேத்துல்ல வாங்குறான்" என்றார். கல்லாவில் 15 வெள்ளி, 16 வெள்ளி 35 காசாக மாறியது. "ஜிஎஸ்டிண்ணே, கவர்மென்ட்டு வாங்குறது. ஏர்போர்ட்ல திரும்ப வாங்கிக்கலாம்." பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதி, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் காலை தாடையில் முதல் இழுப்பிலேயே முடி வெட்டுப்படவில்லை, பிடுங்கப்பட்டது. இரண்டாவது இழுப்பில் ரத்தம். கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். அசல் மாக் 3-இல் மூன்று பிளேடும் தனித்தனி ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும், விரலால் பக்குவமாக அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். இதில் மூன்றும் ஆடாமல் அசையாமல் இறுகிக் கிடந்தன. மேலே இருக்கும் வழவழப்புப் பட்டை தண்ணீர் பட்டதும் கொழகொழப்பாக வேண்டும். இது வெறும் பச்சை பிளாஸ்டிக். கார்ட்ரிட்ஜ் கைப்பிடியில் லொடலொடவென்று ஆடியது. அட்டையில் பெரிய எழுத்து பளிச்சென்று இருக்க, பின்பக்கத்துச் சின்ன எழுத்தெல்லாம் மை ஊறிக் கலங்கியிருந்தது.

திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். நேற்றைய 'அண்ணே' இன்றைக்கு 'சார்' ஆகிவிட்டது. "பிரிச்ச பிளேட எப்படி சார் திரும்ப வாங்குறது? சுத்தம் பாக்கணும்ல?" மீதி மூன்றும் தொடப்படவில்லை என்று காட்டினால் முத்திரையைக் காட்டுகிறார். கொஞ்சம் குரலை உயர்த்தியதும், ஷேவ் பண்ணத் தெரியாதவன் கையில் எந்த பிளேடும் வெட்டத்தான் செய்யும் என்று பக்கத்திலிருந்த பையனிடம் சொல்கிறார், எனக்குக் கேட்கிற மாதிரி. முப்பது வருஷமாக ஷேவ் பண்ணுகிற எனக்கு!

சித்தப்பா அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். அவர் சொன்னதுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி. 2024 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9 சதவீதம். ஆனால் வரித்துறையில் பதிவு செய்த கடைதான் அதை வாங்கலாம், ரசீதில் பதிவு எண் இருக்கும். பதிவு செய்த கடை மாட்டி வைக்கும் விலையிலேயே வரி சேர்ந்திருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் வாங்கும் ஓட்டல், உணவகங்களுக்கு மட்டும்தான் இதில் விலக்கு. ஆகவே, ரேசரில் 15 என்று ஒட்டிவிட்டுக் கல்லாவில் வரியைக் கூட்டியது பதிவு செய்த கடையாக இருந்தாலும் தப்பு, செய்யாத கடையாக இருந்தால் இன்னும் பெரிய தப்பு. விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்கும் என்றதும் புளுகுதான். சுற்றுலாப் பயணிக்கு அது கிடைக்க, அந்தத் திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும்.

முத்திரையும் செல்லாது. அசல் என்று சொல்லிப் போலியை விற்றுவிட்டு, திரும்ப வாங்க மாட்டோம் என்ற ஒரு வரியால் தப்பிக்கச் சட்டம் விடாது. தெரிந்தே போலிச் சரக்கு விற்றால் 100,000 வெள்ளி வரை அபராதம், 5 வருஷம் வரை சிறை. சுற்றுலாப் பயணிகளும் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம், சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்கும் போகலாம். அங்கே சின்னத் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. 16 வெள்ளிக்காக 10 வெள்ளி கட்டி யார் அலைவார்கள் என்ற தைரியத்தில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. நான் அட்டை, சீட்டு, கார்ட்ரிட்ஜ் எல்லாவற்றையும் படமெடுத்துச் சங்கத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

கல்யாணத்தன்று சலூனில், கண்ணெதிரே புது பிளேடைப் பிரித்து மாட்டச் சொல்லி ஷேவ் பண்ணிக்கொண்டேன். பெருமாள் கோயில் மண்டபத்தில் எடுத்த படங்களில் தாடைக் கீறல் நன்றாகவே தெரிகிறது.

சாதா பிளேடுக்காரர்கள் நேராக சையது ஆல்வி ரோட்டு முஸ்தபா கடைக்குப் போங்கள். அங்கே எனக்குக் கிடைத்தது, விலையும் கடிக்கவில்லை, ஒழுங்கான ரசீதும் தந்தார்கள். கார்ட்ரிட்ஜ்காரர்களுக்கு இன்னும் சுலபம், கார்ட்ரிட்ஜ் ரேசரைக் கைப்பையிலேயே வைத்து ஏறலாம். ஊரிலிருந்தே இரண்டு உபரி கார்ட்ரிட்ஜும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு மாடல் கார்ட்ரிட்ஜ் இன்னொன்றின் கைப்பிடியில் சேராது. இந்தியச் சந்தைக்கென்று 2010-இல் வந்த கில்லெட் கார்டு கைப்பிடியில் மாக் 3 ஏறாது, மாக் 3-இல் ஃபியூஷன் ஏறாது.

முஸ்தபாவில் வாங்கியதில் மிஞ்சிய பிளேடுகளைத் திரும்பும்போதும் கைப்பையில் வைக்க முடியாது, சாங்கி விமான நிலையத்திலும் அதே விதிதான். சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் எலெக்ட்ரிக் ஷேவர்காரர், வேண்டாமென்றார். தையல் பிரிக்க ஆகும் என்று சித்தி வாங்கி வைத்துக்கொண்டார்.