லீஜியன் ஸ்லிம் 5: 140 வாட்டை விடுங்கள், ரேம் ஸ்லாட்டைப் பாருங்கள்

லெனோவோ லீஜியன் ஸ்லிம் 5 கேமிங் லேப்டாப், 16 அங்குலத் திரை, 2023 மாடல். உள்ளே ஏஎம்டி ரைசன் 7 7840ஹெச்எஸ் ப்ராசசர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு. அதற்குப் பிறகு புதிய தலைமுறைகள் வந்துவிட்டதால் இப்போது இது சிங்கப்பூரில் பெரும்பாலும் கரோசல் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில்தான் கைமாறுகிறது. வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். காரணம் வேகமான ப்ராசசர் இருப்பதல்ல. அளவோடு சாப்பிடும் ப்ராசசர் இருப்பது.

கேமிங் லேப்டாப் என்பது ஒரே அடுப்பில் இரண்டு பானை. ப்ராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஒரே அடாப்டர், பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்த செப்புக் குழாய்கள், அதே இரண்டு ஃபேன். ஒன்று கூடுதலாக வாட் எடுத்தால் மற்றது சூட்டில் வாடும். இன்டெலின் ஐ7-13650ஹெச்எக்ஸ் உச்சத்தில் 157 வாட் வரை போகக்கூடியது. அதனுடன் 140 வாட் 4060-ஐச் சேர்த்தால் 297. திரைக்கும் மற்றவற்றுக்கும் வேண்டியது தனி. இந்த லேப்டாப்பின் அடாப்டர் 230 வாட்! ஹெச்எக்ஸ் போட்ட மாடல்களில் இரண்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடுவதில்லை என்பதற்கு இந்தக் கூட்டலே போதும். 7840ஹெச்எஸ் 35 முதல் 54 வாட் வரைக்கென வடிவமைக்கப்பட்டது. எட்டு கோர், பதினாறு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), ஏஎம்டியின் ஜென் 4 கட்டமைப்பு. விளையாட்டுக்கு இது தாராளம். மிச்சமாகும் சூடு முழுவதும் 4060-க்குக் கிடைக்கும் இடம்.

இனி அந்த 140 வாட். 4060-க்கு என்விடியா வைத்த வரம்பு 35 முதல் 115 வாட். ப்ராசசர் ஓய்வாக இருக்கும்போது அதன் பங்கிலிருந்து 25 வாட் வரை இழுத்துக்கொள்ள டைனமிக் பூஸ்ட். ஆக 140. விளம்பரத்தில் இதைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஆனால் இந்தச் சிப் பெரும்பாலான விளையாட்டுகளில் 100 வாட்டைச் சுற்றியே நின்றுவிடுகிறது. வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டபின் வாட்டைக் கொட்டிக் கொடுத்தாலும் அதற்கு வாங்கத் தெரியாது. எனவே 140 வாட் 4060-க்கும் 100 வாட் 4060-க்கும் சில நூறு வெள்ளி வித்தியாசம் கேட்டால் கொடுக்காதீர்கள். 60, 70 வாட்டுக்கு ஒடுக்கிய மெலிந்த மாடல்கள் வேறு கதை. அங்கே இழப்பு கண்ணுக்குத் தெரியும்.

ப்ராசசர் எங்கே திணறும்? வேலரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரி விளையாட்டுகளில். 7840ஹெச்எஸ்-இன் எல்3 கேஷ், அதாவது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகம், 16 எம்பி. அதே ஜென் 4 குடும்பத்து டெஸ்க்டாப் ரைசன் 7 7700-இல் 32 எம்பி. கேஷில் கிடைக்காத தரவுக்காக ப்ராசசர் ரேம் வரை நடந்து போய்வர வேண்டும். 165 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு இருப்பதே 6 மில்லிசெகண்ட்தான். தடை எந்தப் பக்கம் என்று அறிய ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) பயன்பாட்டைத் திரை மூலையில் வையுங்கள். 97, 98 விழுக்காட்டில் நின்றால் கிராஃபிக்ஸ் கார்டு தன் எல்லையில் இருக்கிறது. ஃப்ரேம் கட்டுப்பாடு எதுவும் வைக்காமலே 80-க்குக் கீழே ஆடினால் ப்ராசசர்தான் அதைக் காக்க வைக்கிறது. "சிபியு 30 விழுக்காடுதானே ஓடுகிறது" என்று சொல்லாதீர்கள். பதினாறு திரெட்டில் ஒன்று முழுதாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 விழுக்காடாகத்தான் தெரியும். சந்தேகமிருந்தால் ரெசல்யூஷனைக் குறையுங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃப்ரேம்கள்) அசையவில்லை என்றால் அது ப்ராசசர் தடையேதான். அந்த நிலையில் கிராஃபிக்ஸ் செட்டிங்கை ஏற்றிக்கொள்ளலாம், எதுவும் குறையாது. குறைக்க வேண்டியது கூட்டம், பார்வைத் தூரம் போன்றவை. ப்ராசசரைத் தின்பவை அவைதான்.

இந்த மாடலில் பணம் போட வேண்டிய ஒரே இடம் ரேம். 16 அங்குல மாடலில் இரண்டு டிடிஆர்5 ஸ்லாட் உண்டு. (அதே பெயரில் வரும் 14 அங்குலத்தில் ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, மாற்ற முடியாது. பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.) விற்பவர் "16 ஜிபி" என்பார். அது ஒரே 16-ஆ, இரண்டு 8-ஆ என்று கேளுங்கள். 5600 வேகத்தில் ஒரு குச்சி நொடிக்கு 44.8 ஜிபி, இரண்டு குச்சி 89.6 ஜிபி. சிறிய கேஷ் உள்ள ப்ராசசருக்கு இந்தப் பாதி மிகவும் உறைக்கும். சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட, திடீரென்று இடறும் அந்த நொடிகளில்தான் அது தெரியும். இரண்டு 8 ஜிபியிலும் ஒரு சிக்கல்: 8 ஜிபி டிடிஆர்5 குச்சியில் வழக்கமாக நான்கு பெரிய சிப்தான் இருக்கும், அவற்றில் பேங்க் குழுக்கள் (தரவை மாறி மாறி அணுக உதவும் உட்பிரிவுகள்) பாதி, எனவே சற்று மந்தம். இரண்டு 16 ஜிபி போட்டுவிடுங்கள். அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. பிறகுதான் ரேமில் கை வைக்க வேண்டும். போட்டபின் முதல் முறை திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நிற்கும். மெமரியைப் பழக்கிக்கொள்கிறது, பதறி அணைக்காதீர்கள்.

ஹைப்ரிட் மோடையும் அணைத்துவிட வேண்டும். அது ஆனில் இருந்தால் 4060 வரைந்த படம் ப்ராசசருக்குள் இருக்கும் ரேடியான் 780எம் வழியாகச் சுற்றிக்கொண்டு திரைக்குப் போகும். ரீஸ்டார்ட் கேட்கும், செய்யுங்கள். வகுப்புக்குக் கொண்டுபோகும் நாளில் மறுபடி ஆன் செய்யாவிட்டால் பேட்டரி மதியம் தாண்டாது.

நம் ஊர் சூடு தனியாகச் சொல்ல வேண்டியது. வெளிநாட்டு ரிவ்யூக்கள் பெரும்பாலும் குளிர்ந்த அறையில் எடுத்தவை. ஏர்கான் போடாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறையில் மாலையில்கூட 31 டிகிரி இருக்கும். 24 டிகிரி அறையோடு ஒப்பிட்டால் அந்த 7 டிகிரி அப்படியே சிப்பின் மேல் ஏறும். 7840ஹெச்எஸ்-இன் உச்ச வரம்பு 100 டிகிரி. எஃப்என் + க்யூ தட்டினால் பவர் பட்டன் விளக்கு நீலம், வெள்ளை, சிவப்பு என்று மாறும். சிவப்பில் ஃபேன் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். அதற்கு ஒரு பழைய கைவைத்தியம்: விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசசரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 ஆக்குங்கள். பூஸ்ட் நின்று, ப்ராசசர் 3.8 கிகாஹெர்ட்ஸில் அடங்கும். கிராஃபிக்ஸ் கார்டு எல்லையில் ஓடும் விளையாட்டுகளில் எஃப்பிஎஸ் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சூடும் சத்தமும் இறங்கும். கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடும்போது மட்டும் 100-க்குத் திருப்புங்கள். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி வைப்பதும் உதவும். மெத்தைமேல் வைத்தால் அடிப்பக்கக் காற்றுவழியே அடைந்துவிடும்.

திரை 2560×1600, அதாவது 4.1 மில்லியன் புள்ளிகள். 4060-க்கு இது கொஞ்சம் பெரிய சுமை. சைபர்பங்க் 2077 போன்றவற்றில், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்ஸைக் குவாலிட்டி நிலையில் வைக்காமல் ஓட்ட வேண்டாம். இடையிடையே ஃப்ரேம்களைக் கார்டே உருவாக்கிச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் ப்ராசசர் தடையையும் தாண்டி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும், ஆனால் வீடியோ மெமரியைத் தின்னும். இருப்பதோ 8 ஜிபி. டெக்ஸ்சரை ஒரு படி இறக்குவதுதான் வழி.

இதிலேயே 4070 மாடலும் உண்டு. கோர்கள் 3072-க்குப் பதில் 4608. ஆனால் மெமரி அதே 8 ஜிபி, அதற்கான பாதையும் அதே 128 பிட். கோர் கூடிய அளவுக்கு வேகம் கூடுவதில்லை. அந்தப் பணம் ரேமுக்குப் போகட்டும்.

கரோசலில் வாங்குபவர்களுக்கு: குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் வணிகர்களிடம் வாங்குவதற்குத்தான், தனி ஆள் விற்பதற்குச் செல்லாது. சீரியல் எண்ணைக் கேட்டு லெனோவோ தளத்தில் உத்தரவாதம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் கார்டின் அதிகபட்ச வாட் எழுதியிருக்கும். எம்ஆர்டி நிலையத்தில் நின்றபடி கைமாற்றுவது இந்தப் பொருளுக்கு ஆகாது. அங்கே பிளக் இல்லை, பேட்டரியில் 4060 முழு வாட் எடுக்காது. விற்பவர் வீட்டிலோ பிளக் உள்ள காப்பிக் கடையிலோ அடாப்டரைச் செருகி, சிவப்பு மோடில் பதினைந்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓட்டுங்கள். முதல் மூன்று நிமிட எண்களை நம்பாதீர்கள், செப்பு இன்னும் சூடாகியிருக்காது. அடாப்டரின் அடியில் 230 என்று அச்சாகியிருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். 135 வாட் அடாப்டரைக் கொடுத்து அனுப்பினால் லேப்டாப் ஓடும், விளையாட்டுதான் ஓடாது.