எழுந்ததும் கண் இருட்டுகிறதா? கை பிபி மெஷின், விரல் கஃப், நெற்றி சென்சார்: எது எதற்கு?

படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் சுமார் அரை லிட்டர் இரத்தம் வயிற்றுப் பக்கமும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. பத்து விநாடிக்குள் பிபி அதன் அடிமட்டத்தைத் தொடும். நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நன்றாக வேலை செய்தால் 30 விநாடிக்குள் பெரும்பாலும் மீண்டுவிடும். வயதானவர்களுக்கு இந்த மீட்சி தாமதமாகும். அப்போதுதான் கிறுகிறுப்பு, விழுதல், இடுப்பு எலும்பு முறிவு எல்லாம் வருகின்றன. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன், அது எத்தனையாவது விநாடியைப் பிடிக்கிறது என்று பாருங்கள்.

வீட்டில் இருக்கும் கை பிபி மெஷின் ஒருமுறை காற்றேற்றி, இறக்கி, எண் காட்ட 30 முதல் 40 விநாடி பிடிக்கும். முதல் சரிவு அதன் கண்ணில் படவே படாது. ஆனால் நீடிக்கும் சரிவைக் கண்டுபிடிக்க அதுவே போதும். 5 நிமிடம் மல்லாந்து படுக்கவைத்து ஒருமுறை பாருங்கள். கையில் சுற்றிய கஃப்பை (காற்றுப் பட்டையை) கழற்றாமலே எழுப்பி, 1-ஆம் நிமிடமும் 3-ஆம் நிமிடமும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ் இரத்த அழுத்தம். படுக்க முடியாதவரை உட்கார்ந்த நிலையிலிருந்து எழுப்பிப் பார்க்கலாம்; சரிவு சிறிதாகவே தெரியும் என்பதால் அங்கே 15, 7 என்று எல்லையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, நிற்கும்போது கையைத் தொங்கவிடுவது. அளக்கும் இடம் இதயத்துக்கு 10 செ.மீ. கீழே போனால் எண் 7, 8 கூடிவிடும். உண்மையான சரிவு அதில் மறைந்துபோகும். இன்னொருவர் முன்னங்கையைத் தாங்கிப் பிடிப்பதே நல்லது. நாடித்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு டிஜிட்டல் மெஷினின் எண்ணை அப்படியே நம்ப முடியாது.

விரல் கஃப் வேறு ரகம். செக் நாட்டின் யான் பெனாஸ் 1973-இல் முன்வைத்த முறை: விரலில் உள்ள தமனியின் அளவு மாறாதபடி சிறு கஃப் நொடிக்கு நொடி அழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், அந்த அழுத்தமே பிபி. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் எண் கிடைக்கும். எழுந்த 15 விநாடிக்குள் மேல் எண் 40-க்கு மேல் சரிந்து உடனே மீள்பவரை இந்தக் கருவியால்தான் பிடிக்க முடியும். கை மெஷினில் அவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், “எழுந்தாலே தலை சுத்துது” என்ற புகாரும் தீராது.

தொல்லைகளும் உண்டு. விரல் சில்லிட்டிருந்தால் சிக்னல் வராது. கையைச் சூடேற்றித்தான் தொடங்க வேண்டும். கை தொடையருகே தொங்கினால் 30 வரை பொய்யாகக் கூடும் என்பதால் உயரத்தைத் திருத்தும் சென்சாரையோ, கையை இதய மட்டத்தில் நிறுத்தும் தூளியையோ விடக்கூடாது. கருவி இடையிடையே தன்னைத் தானே சரிபார்க்கும். அதை எழுவதற்குச் சற்று முன் அணைக்காவிட்டால், சரிவு நடக்கும் அதே விநாடிகளில் பதிவு விட்டுப்போகும். இது வீட்டுக்கான கருவியல்ல.

பிபி இறங்கினால் மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்தே ஆகவேண்டும் என்பதில்லை. மூளை தன் குழாய்களை விரித்து ஓரளவு சமாளிக்கும். அதைக் காட்டுவது நெற்றியில் ஒட்டும் அகச்சிவப்பு சென்சார். ஒளி உமிழும் முனைக்கும் வாங்கும் முனைக்கும் இடையே 3, 4 செ.மீ. இருக்கும். முடி, வியர்வை, அறை வெளிச்சம் மூன்றும் கெடுக்கும். நெற்றியைத் துடைத்து, நடுக்கோட்டைத் தவிர்த்து ஒட்டி, மேலே கறுப்புப் பட்டை கட்ட வேண்டும். தோலில் ஓடும் இரத்தமும் கலந்தே பதிவாகும் என்பது இதன் தீராத குறை. ஆக்ஸிஜன் 70 சதவீதம் என்று காட்டினால் பயப்படாதீர்கள்: அது பெரும்பாலும் சிரை இரத்தத்தில், அதாவது இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தில், உள்ள ஆக்ஸிஜன் அளவு. கருவிக்குக் கருவி எண் மாறும் என்பதால், படுத்திருந்தபோது இருந்ததிலிருந்து எவ்வளவு இறங்கியது, எப்போது மீண்டது என்பதையே பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இதற்கு மாற்றாகாது. மூளைக்கு இரத்தம் குறைந்தாலும் அது 98 காட்டிக்கொண்டிருக்கும்.

டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியின் ‘டில்டா’ முதுமை ஆய்வு விரல் கஃப்பையும் நெற்றி சென்சாரையும் பயன்படுத்துகிறது. ஆய்வுக்கு அந்த ஜோடி அருமை. ஆனால் நெற்றி எண்ணை மட்டும் வைத்து மருந்தை மாற்றும் அளவுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லைக்கோடு இல்லை. எனவே முதலில் கை மெஷின், காலையில் மாத்திரைக்கு முன்னும் சாப்பாட்டுக்குப் பின்னும். பக்கத்தில் ஒருவர் நிற்க, பின்னால் நாற்காலி இருக்க. அதில் ஒன்றும் தெரியாமல் தலைசுற்றல் மட்டும் தொடர்ந்தால் விரல் கஃப் வசதியுள்ள மையத்துக்குப் போகலாம். டாக்டரிடம் போகும்போது எண்களோடு நாடித்துடிப்பையும், நீர் மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை உட்பட எல்லா மருந்துகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பிபி நன்றாக இறங்கியும் துடிப்பு கூடவே இல்லையென்றால், கோளாறு நரம்பில் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.