செஸ்னா 152: நாலு பேர் சேர்ந்து வைத்திருந்தால் எது கையைக் கடிக்கும்?

செஸ்னா 152 இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். விலை என்ன என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவதுதான் பாடு. இந்த யானை தின்பது பெட்ரோலைவிட காலண்டரை.

152-இல் இருப்பது லைகமிங் ஓ-235 இன்ஜின். ஓவர்ஹாலுக்கு, அதாவது இன்ஜினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிப்பதற்கு, 2,400 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது என்கிறது லைகமிங். ஓவர்ஹால் செலவு 24 லட்சம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முழு 2,400 மணியும் பறந்தால் மணிக்கு 1,000 ரூபாய். வருடத்துக்கு 40 மணி மட்டும் பறக்கிறவருக்கு 12 ஆண்டில் சேர்வது 480 மணிதான். அவருக்கு மணிக்கு 5,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், பார்க்கிங், வருடாந்திர ஆய்வு, ஏஆர்சி (விமானம் பறக்கத் தகுதி என்ற சான்று) புதுப்பிப்பு எல்லாம் இதே ரகம். விமானம் நின்றாலும் பறந்தாலும் பில் வரும்.

அதனால் மாதச் சம்பளக்காரர் தனியாக வாங்குவது வீண். நாலு பேர் தலா 40 மணி பறந்தால் 12 ஆண்டில் 1,920 மணி. அதே ஓவர்ஹால் மணிக்கு 1,250 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஆறு பேர் என்றால் இன்னும் குறையுமே என்று தோன்றும். ஆனால் கோடையில் சென்னையில் சுகமாகப் பறக்க முடிவது காலை பத்து மணிக்குள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு காலைதான். ஆறு பேரில் இரண்டு பேர் காசு மட்டும் கட்டிக்கொண்டிருப்பார்கள், பிறகு சண்டை வரும்.

பணத்தை இரண்டாகப் பிரித்து வசூலியுங்கள். நிலையான செலவுக்கு சீட்டுக் கட்டுவதுபோல மாதாமாதம் சம பங்கு. பறக்கும் செலவுக்கு டாக் மீட்டர் கணக்கு. டாக் மீட்டர் இன்ஜின் சுற்றுக்கு ஏற்ப ஓடும்; தரையில் ஐட்லிங்கில் மெதுவாகத்தான் நகரும். பராமரிப்புக்கும் ஓவர்ஹாலுக்கும் இதுதான் நியாயமான அளவு. ஓவர்ஹால் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். அதை எடுத்து புது ரேடியோ வாங்கும் ஆசை எல்லாக் குழுவுக்கும் ஒருநாள் வரும்.

எரிபொருள் மணிக்கு 22, 23 லிட்டர். இந்த இன்ஜினுக்கான விமான பெட்ரோல் அவ்காஸ் 100எல்எல் 200 லிட்டர் பேரலில் வரும், டாங்கின் பயன்படும் கொள்ளளவு 93 லிட்டர். ஆக பாதி பேரல் எப்போதும் மிச்சம் இருக்கும். அதை வெயிலில் நிமிர்த்தி வைத்தால் மேலே மழைநீர் தேங்கும். இரவில் பேரல் குளிர்ந்து சுருங்கும்போது மூடி வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நிழலில் படுக்க வைத்து, இரண்டு மூடியும் கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடத்தில் வருமாறு வையுங்கள். அப்போது மூடியின் உள்பக்கம் எரிபொருளில் நனைந்தே இருக்கும்.

பங்க் பெட்ரோலைப் போட்டால் என்ன என்ற கேள்வி தவறாமல் வரும். 152-க்கு வேண்டாம். கார் பெட்ரோலை ஏற்கிற ரோட்டாக்ஸ் 912 இன்ஜின்கூட 10 சதவீத எத்தனால் வரைதான் தாங்கும். பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீத எத்தனால். சந்தேகம் இருந்தால் 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வைத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் தண்ணீர் 10-ஐத் தாண்டி ஏறினால், ஏறியதெல்லாம் எத்தனால்.

இனி இந்த இன்ஜினின் நிஜமான தலைவலி: பிளக். அவ்காஸில் ஈயம் உண்டு. மீனம்பாக்கம் மாதிரி பெரிய விமான நிலையத்தில் ஜெட்டுகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று, கலவையை முழு ரிச்சில் (பெட்ரோல் அதிகம், காற்று குறைவு) வைத்து ஐட்லிங்கில் ஓட்டினால் அந்த ஈயம் எரியாமல் கீழ்ப் பிளக்குகளில் இறங்கும். கழற்றிப் பார்த்தால் பீங்கானுக்கும் உலோகக் கூட்டுக்கும் நடுவில் கடுகளவில் சாம்பல் நிற உருண்டைகள் உட்கார்ந்திருக்கும். அதுதான் ரன்-அப்பில் (கிளம்பும் முன் செய்யும் இன்ஜின் சோதனை) மேக்னட்டோவை மாற்றும்போது வரும் நடுக்கம். மேக்னட்டோ என்பது பிளக்குக்கு மின்பொறி தரும் கருவி, இன்ஜினில் இரண்டு உண்டு. 1,700 ஆர்பிஎம்மில் ஒரு மேக்னட்டோவில் இறக்கம் 125 சுற்றுக்கு மேல் போகக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிளம்பாதீர்கள். 1,800 சுற்றில் வைத்து, கலவையில் பெட்ரோலைக் குறைத்து (லீன் செய்து) அரை நிமிடம் ஓட்டி மறுபடி பாருங்கள். பாதி நேரம் சரியாகிவிடும். டாக்ஸியிங்கிலேயே லீன் செய்து பழகினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். கிளம்பும் முன் மறக்காமல் ரிச்சுக்குத் திருப்ப வேண்டும். இந்த இன்ஜினுக்கென்றே நீட்டிய முனையோடு வரும் சாம்பியன் ஆர்இஎம்37பிஒய் பிளக் விலை கூடுதல்தான், ஆனாலும் வாங்கலாம்.

அடுத்தது துரு. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இன்ஜினில் மேலே இருப்பதால் விமானம் நின்றால் ஆயில் வடிந்து உலோகம் காய்ந்துவிடும். மிச்சத்தை நம் கடற்கரை ஈரக்காற்று பார்த்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை தரையில் ஸ்டார்ட் செய்து அணைப்பது உதவாது, கெடுக்கும். ஆயில் நன்றாகச் சூடாகி, ஆகாயத்தில் அரை மணியாவது ஓடினால்தான் உள்ளே இருக்கும் ஈரம் போகும். ஆயில் மாற்றமும் 50 மணி அல்லது 4 மாதம், எது முந்துகிறதோ அது. 50 மணி ஆகவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். மாற்றும்போதெல்லாம் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து, காந்தம் வைத்துப் பாருங்கள். இரும்புத் துணுக்கு ஒட்டினால் கேம்ஷாஃப்ட்டின் கேமும் அது தள்ளும் டாப்பெட்டும் தேய்கிறது.

குளவியை யாரும் எழுதி வைப்பதில்லை. வேகமானிக்குக் காற்று தரும் பிட்டோ குழாயிலும், டாங்குக்குக் காற்று போகும் துளையான வென்ட்டிலும் இரண்டே நாளில் மண்ணைக் கொண்டுவந்து அடைத்துவிடும். ஓடுபாதையில் வேகமானி நகராமல் நின்றால் பெரும்பாலும் அதன் வேலைதான். பிட்டோவுக்கு சிவப்புப் பட்டை போட்ட உறை கட்டாயம். வென்ட்டை ஒவ்வொரு முறையும் குனிந்து பாருங்கள்.

எடையில் ஏமாறாதீர்கள். உச்ச வரம்பு 757 கிலோ. பழைய 152-களின் வெற்று எடை 520 பக்கம் வரும், முழு டாங்க் 67 கிலோ. மிச்சம் 170 கிலோ: 85 கிலோவில் இரண்டு பேர், பையில்லாமல். மே மாத 38 டிகிரியில், கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையிலேயே விமானம் 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோலத்தான் ஏறும். பெங்களூரு ஜக்கூர் நிஜமாகவே 3,000 அடி; அங்கே பிற்பகலில் முழு எடையோடு கிளம்புவது அசட்டுத்தனம்.

நேர மிச்சம் என்று கணக்குப் போட்டும் வாங்காதீர்கள். புதுச்சேரிக்குப் பறக்கும் நேரம் முக்கால் மணிதான். ஃப்ளைட் பிளான், ஏடிசி எண் (வான் பாதுகாப்பு அனுமதி), எஃப்ஐசி எண் (விமானத் தகவல் மையம் தருவது), செக்யூரிட்டி எல்லாம் முடிப்பதற்குள் ஈசிஆர் பஸ் மரக்காணத்தைத் தாண்டியிருக்கும்.

வாங்கும்போது: 152 உற்பத்தி 1985-லேயே நின்றுவிட்டது, மிக இளையதே நாற்பது வயது. இறக்கைத் தாங்கியின் இணைப்பு, கேபின் தரைக்கு அடிப்பக்கம், சீட் தண்டவாளம் ஆகியவற்றில் துரு பார்க்கச் சொல்லுங்கள். பழைய விமானங்களுக்கென செஸ்னா சொல்லும் எஸ்ஐடி கூடுதல் ஆய்வுகள் முடிந்ததா, ரடர் ஸ்டாப் (வால் சுக்கான் அளவுக்கு மீறித் திரும்பாமல் தடுக்கும் பாகம்) பற்றிய 2009-ஆம் ஆண்டு உத்தரவு நிறைவேறியதா என்று லாக் புத்தகத்தில் தேடுங்கள். சொந்த உபயோக விமானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். வெளிநாட்டில் மலிவாகத் தெரிவது இங்கே வந்து சேரும்போது மலிவாக இருக்காது. விடி பதிவோடு (இந்தியப் பதிவு) ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் விமானமே மேல்.

பங்கு ஒப்பந்தத்தில் இரண்டு வரி விடுபடக் கூடாது. ஒன்று, இன்ஷூரன்ஸ் கொடுக்காத தொகையை அன்று ஓட்டியவரே கட்ட வேண்டும். இரண்டு, விலகுகிறவரின் பங்கை மற்றவர்கள் எத்தனை மாதத்துக்குள், எந்த மதிப்பீட்டில் வாங்க வேண்டும் என்பது. இதை விமானம் வாங்கும் முன்பே, எல்லோரும் சிரித்த முகமாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்து போட்டுவிடுங்கள்.