ஒரே டாங்கிள், மூன்று கணினிகள்: இரண்டு வருட அனுபவம்

எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு லைசென்ஸ் டாங்கிள்தான், அதாவது மென்பொருளின் உரிமத்தைக் காட்டும் சின்ன யூஎஸ்பி குச்சி. அதைச் செருகாமல் வரைபட மென்பொருள் திறக்காது. யாருக்கு வேண்டுமோ அவர் எழுந்துபோய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார். ஒருநாள் அது கீழே விழுந்து நாற்காலிச் சக்கரத்தில் நசுங்கப் பார்த்தது. அன்றோடு அந்த விளையாட்டை நிறுத்திவிட்டு, அதை ஒரே இடத்தில் செருகி நெட்வொர்க் வழியே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

நான் பயன்படுத்துவது யூஎஸ்பி ஐபி (USB/IP), யூஎஸ்பி கருவியை நெட்வொர்க் வழியே வேறு கணினிக்குத் தரும் வசதி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வருவது என்பதால் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினியில் டாங்கிளைச் செருகி 'பைண்ட்' செய்தால், பை அதன் மேல் வைத்திருந்த பிடியை விட்டுவிடும். அப்புறம் வேறொரு கணினி 'அட்டாச்' செய்ததும், அந்தக் கணினியிலேயே செருகியது போல டாங்கிள் தோன்றும். மென்பொருளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. விண்டோஸ் கணினிக்கு மட்டும் தனி கிளையன்ட் நிறுவ வேண்டியிருந்தது.

பகிர்வு என்று சொல்கிறோமே தவிர, ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் கருவி இருக்கும். அதில்தான் முதல் மாதம் முழுக்கச் சண்டை. ஒருவர் விடுவிக்காமலே மடிக்கணினியை மூடிவிட்டுப் போய்விடுவார். பை அவரிடமே கருவி இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். கடைசியில், கணினி தூங்கப் போகும்போதே டாங்கிளை விடுவிக்கும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டேன். பை மறுதொடக்கமானால் பைண்டும் போய்விடும். அதற்கு, பை தொடங்கும்போதே தானாக மறுபடி பைண்ட் செய்யும் ஒரு சிஸ்டம்டி சேவை. இந்த இரண்டையும் வைத்த பிறகுதான் நிம்மதி.

ஆசை விடவில்லை, மற்றதையும் முயன்றேன். ஸ்கேனர் சரியாக வேலை செய்தது, கொஞ்சம் நிதானமாக. வைஃபையில் வெப்கேம் படுதோல்வி. படம் உறைந்து உறைந்து வந்தது. நெட்வொர்க்கின் வேகம் எவ்வளவு என்பதைவிடத் தாமதம் எவ்வளவு என்பதுதான் இங்கே கணக்கு. யூஎஸ்பியின் ஒவ்வொரு கோரிக்கையும் நெட்வொர்க்கில் டிசிபி முறைப்படி தரவுப் பொட்டலமாகப் போய்ப் பதிலோடு திரும்ப வேண்டும். டாங்கிள் கேட்பது நாலு வார்த்தை, பொறுத்துக்கொள்ளும். வெப்கேம் விடாமல் ஓடும் நீரோட்டம், அதற்குப் பொறுமை கிடையாது. பென் டிரைவைப் பகிர்வது வீண் வேலை. எழுதும்போது இணைப்பு அறுந்தால் கோப்புகள் கெடலாம். அதற்குச் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளே போதும்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். 3240 என்ற நெட்வொர்க் போர்ட்டில் ஓடும் யூஎஸ்பி ஐபிக்குக் கடவுச்சொல்லும் இல்லை, குறியாக்கமும் இல்லை. ரவுட்டரில் அதை வெளியே திறந்துவைத்தால் யார் வேண்டுமானாலும் டாங்கிளை எடுத்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து வேலை செய்யும்போது நான் வயர்கார்டு என்ற குறியாக்கப்பட்ட விபிஎன் சுரங்கம் வழியாகத்தான் வருகிறேன். மென்பொருள் திறக்கச் சில விநாடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

டாங்கிள் இப்போது பையின் பின்பக்கம் டேப் ஒட்டிக் கிடக்கிறது. வெப்கேம் இன்னும் வயரில்தான்.