விடுபட்ட வருமான வரி ரிட்டன்: தஞ்சை, கும்பகோணம் பக்கம் லீவில் வருகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து டெல்டாவுக்குப் பொங்கலை ஒட்டி வருகிறவர்கள் நிறைய. தாமத ரிட்டனுக்குக் கடைசி நாளோ டிசம்பர் 31. அவர்கள் ஆடிட்டரைப் பார்க்கும்போது அந்த வழி அடைபட்டிருக்கும். மிச்சம் இருப்பவை இரண்டு வழிகள். நீங்கள் வரி கட்ட வேண்டியவரா, பணம் திரும்ப வாங்க வேண்டியவரா என்று தெரியாமல் எதிலும் இறங்காதீர்கள்.

வருமான வரித் தளத்தில் ஆண்டுவாரியாக 26ஏ.எஸ். (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏ.ஐ.எஸ். (உங்கள் வருமான, பரிவர்த்தனை விவரம்) இரண்டையும் எடுங்கள். என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) டெபாசிட் வட்டியில் வங்கி பொதுவாக 31.2% பிடித்திருக்கும். 1 லட்சம் வட்டிக்கு 31,200 ரூபாய். வேறு வருமானம் இல்லாவிட்டால் அவ்வளவும் ரீஃபண்டாகத் திரும்ப வர வேண்டிய உங்கள் பணம். நெல் வயல் குத்தகை விவசாய வருமானம், அதற்கு வரி இல்லை. வீட்டு வாடகை அப்படியல்ல. வெளிநாட்டில் இருப்பவருக்கு வாடகை கொடுப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் வீடு எடுத்திருக்கும் குடும்பத்துக்கு அது எங்கே தெரியப்போகிறது? அந்த வரி உங்கள் தலையில்தான் நிற்கும். மாநகராட்சிக்குக் கட்டிய சொத்து வரி ரசீதுகளைத் தேடி எடுங்கள். வாடகையில் அதைக் கழித்து, மீதியில் 30% கழிவும் உண்டு.

வரி பாக்கி என்றால் அப்டேட்டட் ரிட்டன், அதாவது கெடு முடிந்த பிறகும் கூடுதல் வரி கட்டிப் போடும் ரிட்டன். 2022இல் வந்த இந்த வசதியை 2025 நிதிச் சட்டம் 48 மாதமாக நீட்டியது. மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்த நாளிலிருந்து கணக்கு. வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் முதல் 12 மாதத்துக்குள் 25%, அடுத்தடுத்த ஆண்டுகளில் 50, 60, 70% கூடுதல். 20,000 ரூபாய் பாக்கிக்கு முதலாண்டில் 5,000, நான்காம் ஆண்டில் 14,000. பணத்தைக் கட்டிய பிறகே ரிட்டன். ஓர் ஆண்டுக்கு ஒரே முறைதான், ஆகவே கணக்கை இரண்டு தடவை சரிபாருங்கள்.

ரீஃபண்டுக்கு இந்த வழி உதவாது. தாமதத்தை மன்னிக்கக் கோரி வருமான வரி ஆணையருக்கு மனு போட வேண்டும். 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தாமதத்துக்கான காரணத்தைத் தாளோடு காட்டுங்கள். வெறும் "தெரியாது" போதாது.

கெடுவது பெரும்பாலும் பிரவுசிங் சென்டரில். அவசரத்தில் 'சஹஜ்' (ஐ.டி.ஆர்.-1) படிவம் போட்டுவிடுகிறார்கள். அது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். உங்களுக்குப் பெரும்பாலும் ஐ.டி.ஆர்.-2 படிவம். இந்தியாவில் வசிப்பவர் என்று பதிந்து, குறைந்த வருமானத்துக்கான வரித் தள்ளுபடியும் வாங்கினால் பின்னால் டிமாண்ட் நோட்டீஸ் வரும், ஏனென்றால் அந்தத் தள்ளுபடி வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது. தளத்தில் குடியிருப்பு நிலையையும் வெளிநாட்டில் வசிப்பவர் என்று திருத்துங்கள். அதைச் செய்யாததால், ஆதார் இணைக்காத பான் செயலிழந்து கிடப்பவர்கள் இருக்கிறார்கள்.

ரிட்டன் போட்டால் 30 நாளுக்குள் சரிபார்ப்பு முடிய வேண்டும். ஆதாரில் இருக்கும் பழைய சிம் செத்துப்போயிருந்தால் ஓ.டி.பி. வராது. ஊரில் இறங்கியதும் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்திட்டு, விமானம் ஏறும் முன்பே வருமான வரித் துறையின் பெங்களூர் மையத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.